ஒரு வரி எழுதித் தரச் சொல்

நாட்றம்பள்ளி,
10.11.2024

அன்புள்ள தங்கை சோபனாவுக்கு அக்கா மேகலா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தை பவித்ராவும் சுகம்தானே? பேங்கில் வேலை பார்க்கிற பெண்ணைக் குழந்தை என்று எழுதிவிட்டேன், படித்தால் கோபித்துக்கொள்வாள்.

உனக்கு நான் கடைசியாகக் கடிதம் எழுதியது நீ கல்யாணமாகி சத்துவாச்சாரிக்குப் போன புதிதில். அதற்கப்புறம் போன் வந்துவிட்டது. இப்போது தீபாவளிக்கு எத்தனை முறை கூப்பிட்டும் நீ எடுக்கவில்லை. கடைசியில் பவித்ராவின் போனிலிருந்து, "அக்கா, இவரு போன்ல எதுவும் பேச வேணாங்கறாரு, லெட்டர் போடு" என்று ரகசியம் மாதிரி சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எங்கள் பணத்தை வாங்கி ஏமாற்றிய கம்பெனியின் ஏஜென்ட் பேசியதை, ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்த என் மகன் கோபி ரெக்கார்டு செய்து ஊரெல்லாம் அனுப்பினானே, அதிலிருந்து உன் வீட்டுக்காரருக்கு எங்கள் போன் என்றாலே பயம் போலிருக்கிறது. வக்கீலே பயந்தால் நாங்கள் எங்கே போவது? சரி, லெட்டரே போடுகிறேன்.

வீட்டின் பேரில் கடன் கொடுத்த ஃபைனான்ஸ்காரர்கள் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வீட்டை எடுத்துக்கொள்வார்களாம். கம்மலையும் வளையலையும் விற்று இதுவரை ஓட்டிவிட்டேன். இனிமேல் விற்க என்னிடம் ஒன்றுமில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆம்பூர் ஷூ கம்பெனியில் என் லைனில் தைக்கிற பெண்கள் எல்லாரும், மாதாமாதம் லாபம் தருவதாகச் சொன்ன அந்தக் கம்பெனியில் பணம் போட்டார்கள். நானும் வீட்டை வைத்து ஒன்பது லட்சம் வாங்கிப் போடலாம் என்றேன். உன் மாமாவுக்கு இஷ்டமில்லை. "வக்கீல் தம்பி பாத்து சரின்னு சொன்னா போடு, இல்லன்னா வேணாம்" என்று ஒரே பிடியாக நின்றார். அதனால்தான், ஈடாக அவர்கள் காட்டிய நிலத்தின் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தோம். உன் வீட்டுக்காரர் ஆபீஸ் அறையில் உட்கார வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். "டாக்குமென்ட் கிளியரா இருக்கு அண்ணா, தாராளமா போடலாம்" என்றார். வெற்றிலை பாக்குப் பழத்தட்டில் இரண்டாயிரம் ரூபாய் வைத்து நீட்டினோம். தட்டை வாங்கிக்கொண்டு, பணத்தை மட்டும் மாமாவின் சட்டைப்பையில் திருப்பி வைத்தார். நமக்குள் என்ன ஃபீஸ் என்று சிரித்தார். எங்களுக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை. பஸ்ஸில் வரும்போது மாமா அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஒன்பது மாதம் பணம் வந்தது. அப்புறம் கம்பெனியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர் வேண்டுமென்று செய்தார் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் அவர் சொல்லித்தான் போட்டோம். இப்போது இந்த வீட்டைக் காப்பாற்ற என்ன வழி என்று அவர்தான் சொல்ல வேண்டும். கேட்டு எழுது. பவித்ராவுக்கு என் முத்தம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா மேகலா


சத்துவாச்சாரி,
2.12.2024

என் பிரியமுள்ள அக்காவுக்கு சோபனா எழுதிக்கொண்டது. நாங்கள் எல்லாரும் நலம். மாமாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது? பனி ஆரம்பித்துவிட்டது, காலையில் வெளியே விடாதே. தோல் கம்பெனியில் ஸ்ப்ரே அடித்த நெஞ்சு, அவருக்குக் குளிர் ஆகாது.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இவரும் படித்தார். இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்து ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டார். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். இவருக்குக் கோர்ட்டில் வேலை ஜாஸ்தி.

அந்தக் கம்பெனியின் சொத்துகளைப் போலீஸ் முடக்கி வைத்திருக்கிறதாம். ஏலம் விட்டுப் போட்டவர்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுப்பார்களாம், நாளாகும், பொறுமையாக இருக்கச் சொன்னார். ஃபைனான்ஸ்காரர்களிடம் அவகாசம் கேட்டு ஒரு கடிதம் கொடுக்கச் சொன்னார். அவர்களும் மனுஷர்கள்தானே.

ஒரு நல்ல சேதி. பவித்ராவுக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பையனும் அப்பாவும் ரயில்வே. ஜாதகம் பொருந்துகிறது. வைகாசிக்குள் முடித்துவிடலாம் என்று அவர்கள் அவசரப்படுகிறார்கள். உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன், பெரியம்மா நீதானே முன்னால் நிற்க வேண்டும்.

கவலைப்படாதே அக்கா. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
உன் சோபனா


நாட்றம்பள்ளி,
19.1.2025

அன்புள்ள சோபனாவுக்கு அக்காவின் ஆசிகள். பொங்கல் நல்லபடியாகப் போயிற்றா? நாங்களும் வைத்தோம். மாமாவுக்கு இருமல் விடவில்லை, ஆனால் சர்க்கரைப் பொங்கலைக் கண்டால் மட்டும் நின்றுவிடுகிறது.

பவித்ரா சேதி கேட்டு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நல்லபடியாக முடியட்டும்.

ஃபைனான்ஸ்காரர்களும் மனுஷர்கள்தான் என்று எழுதியிருந்தாய். கவுன்ட்டரில் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒருவர் மட்டும் கொஞ்சம் இரக்கமாகப் பேசினார். ஜூலைக்குள் மொத்தமாக ஐந்து லட்சம் கட்டினால் கணக்கை முடித்துப் பத்திரத்தைக் கொடுத்துவிடுவார்களாம்.

நான் இப்போது எழுதப்போவதைப் படித்துக் கோபப்படாதே. என் லைனில் ஹீனா என்று ஒருத்தி இருக்கிறாள், அவளும் அந்தக் கம்பெனியில் போட்டு ஏமாந்தவள். அவளுக்குத் தெரிந்த வக்கீல் பெண் ஆம்பூரில் இருக்கிறாள், ரஃபத் ஜஹான் என்று பெயர். சும்மா கேட்டுப் பார்க்கலாம் என்று கூட்டிப்போனாள். அந்தப் பெண் எடுத்த எடுப்பில், "நெலத்தப் பாத்தாரு, சரி. ஜனங்ககிட்ட டெபாசிட் வாங்க கம்பெனிக்கு பர்மிஷன் இருக்கான்னு பாத்தாராம்மா?" என்று கேட்டாள். பிளாட் வாங்குகிறவர்கள் கேட்கிற மாதிரி பத்திரம் கிளியரா என்று நாங்கள் கேட்டோம். பேங்குக்குப் பார்க்கிற மாதிரி பார்த்து அவரும் கிளியர் என்றார். நிலம் கிளியர்தான். அதே நிலத்தை ஆயிரக்கணக்கான பேருக்கு ஈடாகக் காட்டியிருக்கிறார்கள். பணம் வாங்க அவர்களுக்கு அனுமதியே இல்லை. அதைப் பார்க்காமல் தாராளமாகப் போடு என்று ஒரு வக்கீல் சொன்னால் அது கவனக்குறைவு, நஷ்டத்துக்கு அவர் பொறுப்பு என்கிறாள்.

வக்கீல் மேல் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாதாம், போன வருஷம் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதாம். சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்கும் மூன்று வருஷம்தான் கெடு. எங்களுக்குப் பணம் முதலில் நின்றது 2022 ஜூன் பத்தாம் தேதி. அதனால் இந்த ஜூன் பத்துக்குள் போட வேண்டும், அதற்கப்புறம் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். நோட்டீஸ் போனாலே பேசி முடித்துக்கொள்வார்கள் என்றும் சொன்னாள்.

அப்புறம், ஃபீஸ் கொடுத்தீர்களா, ரசீது இருக்கிறதா என்று கேட்டாள். நான் பழத்தட்டுக் கதையைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அங்கதாம்மா பேஜார். சொந்தக்காரங்க வந்தாங்க, பேச்சுவாக்குல சொன்னேன்னு சொல்லிட்டுப் போயிடுவாரு" என்றாள். வக்கீலாக இருந்து பார்த்துத்தான் சொன்னார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமாவது வேண்டுமாம்.

சோபனா, என் தங்கை புருஷன் மேல் கேஸ் போட எனக்கு மனசில்லை. அவரையே ஒரு வரி எழுதித் தரச் சொல். இந்தப் பத்திரங்களை வக்கீல் என்ற முறையில் பார்த்தேன், பணம் போடலாம் என்று சொன்னேன் என்று ஒரு வரி. நடந்ததுதானே அது. அதை வைத்துக்கொண்டு நாம் நாலு பேரும் உட்கார்ந்து, அவரால் என்ன முடியும், எங்களால் என்ன முடியும் என்று பேசி அந்த ஐந்து லட்சத்தைக் கட்டிவிடலாம். வீடு நின்றால் போதும் எனக்கு.

அன்புடன்
அக்கா மேகலா


சத்துவாச்சாரி,
16.2.2025

அன்புள்ள அக்காவுக்கு, நலம். உங்கள் நலனுக்கு சாமியை வேண்டிக்கொள்கிறேன்.

நீ வெளியார் வக்கீலிடம் போனது எனக்குக் கஷ்டமாக இருந்தது. நம் வீட்டில் ஒரு வக்கீல் இருக்கும்போது. இவர் உன் கடிதத்தைப் படித்தார், ஃபைலில் வைத்தார், அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

பவித்ராவுக்குத் தேதி வைத்தாயிற்று. ஆனி மாதம் பதிமூன்றாம் தேதி, ஜூன் 27, வெள்ளிக்கிழமை. முதலில் வைகாசி என்றுதான் பேச்சு, மண்டபம் கிடைக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மீனாம்பாள் ரொம்ப நல்ல மாதிரி. ஆனால் அவர்கள் பெரிய குடும்பம் அக்கா. பெண்ணின் பெரியம்மாவே பெண்ணின் அப்பா மேல் கேஸ் போட்டாள் என்று காதில் விழுந்தால் என்ன நினைப்பார்கள்? உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எழுதித் தருவதற்கு இவருக்கு ஒரு தடையும் இல்லையாம். கல்யாணம் முடிந்த மறுநாளே உட்கார்ந்து பேசிவிடலாம், "அக்கா வீட்ட போக விட்டுடுவனா?" என்று என்னிடமே கேட்டார். அதுவரை பொறுத்துக்கொள். எனக்காக.

அன்புடன்
சோபனா


நாட்றம்பள்ளி,
23.2.2025

அன்புள்ள சோபனாவுக்கு அக்கா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. பவித்ராவுக்குத் தேதி வைத்தது கேட்டு மாமா எழுந்து உட்கார்ந்து, மாப்பிள்ளை என்ன உயரம் என்று கேட்டார். அடுத்த கடிதத்தில் எழுது, இல்லாவிட்டால் என்னைத் தூங்க விடமாட்டார்.

ரஃபத் ஜஹான் கேஸ் கட்டைத் தயார் செய்து வைத்திருக்கிறாள். ஃபீஸ்கூட இன்னும் கேட்கவில்லை. நான்தான் கையெழுத்துப் போடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறேன். மாமாவிடம் கேட்டேன். "கேஸ் போட்டுட்டு அந்தக் கல்யாணத்துல எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நிப்ப? வீடு போனா வாடகைக்கு இருக்கலாம். தங்கச்சி போனா இன்னா பண்ணுவ?" என்றார். அவர் பேசுவதே அபூர்வம், பேசினால் இப்படி.

ஆனால் யோசித்துப் பார் சோபனா. கல்யாணம் ஜூன் 27. கெடு ஜூன் பத்து. கல்யாணம் முடிந்து நான் அவரிடம் வந்து நிற்கும்போது என் கையில் ஒன்றும் இருக்காது. அவர் தருவதாகச் சொன்னால் தருவார், மாட்டேன் என்றால் நான் எங்கேயும் போக முடியாது. அதனால் கேஸ் வேண்டாம், விட்டுவிடுகிறேன். அந்த ஒரு வரியை மட்டும் ஜூன் பத்துக்கு முன்னால் எழுதித் தரச் சொல். அதை யாரிடமும் காட்டமாட்டேன். பெட்டியில் வைத்திருப்பேன். எனக்கு ஒரு தைரியம், அவ்வளவுதான்.

அன்புடன்
அக்கா


நாட்றம்பள்ளி,
14.4.2025

அன்புள்ள சோபனாவுக்கு, புத்தாண்டு வாழ்த்து. எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன்.

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. பதிவுத் தபாலில்தான் அனுப்பினேன், நீ கையெழுத்துப் போட்டு வாங்கிய அட்டை வந்துவிட்டது. அதனால் தபால்காரரைத் திட்ட முடியவில்லை.

போன வாரம் ஃபைனான்ஸ்காரர்கள் வந்து வாசல் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். இந்தச் சொத்து எங்கள் சுவாதீனத்தில் இருக்கிறது, யாரும் வாங்கவோ விற்கவோ கூடாது என்று கொட்டை எழுத்தில். ஒட்டும்போது மாமா மட்டும் வீட்டில் இருந்தார். பசை வாளி வைக்க அவரே ஸ்டூல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஏன் கொடுத்தீர்கள் என்று சத்தம் போட்டேன். அப்புறம் பாவமாக இருந்தது.

ஒரு வரி, சோபனா.

அக்கா


சத்துவாச்சாரி,
20.5.2025

அன்புள்ள அக்காவுக்கு, இங்கு அனைவரும் நலம். மாமாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த புது மருந்து ஒத்துக்கொள்கிறதா?

பத்திரிகை வைக்க ஞாயிற்றுக்கிழமை வந்த எங்களை நீ எப்படி வரவேற்றாய் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். பிரியாணி, வடை, பாயசம். அந்த வெயிலில். நாங்கள் இருந்த நேரம் முழுக்க நீ அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசல் நோட்டீஸ் தெரியாமல் அதன்மேல் காலண்டரை மாட்டியிருந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய்.

கிளம்பும்போது இவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணம் முடியட்டும் அண்ணா, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்றாரே, மாமா கண் கலங்கிவிட்டார். காரில் வரும்போது, உங்க அக்கா பெரிய மனுஷி என்று இவர் சொன்னார்.

உனக்கு எடுத்த பட்டுப்புடவை பச்சை நிறம். தாம்பாளம் ஏந்தி நீதான் முன்னால் வர வேண்டும். பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிடு.

இரண்டு கடிதத்துக்கும் பதில் எழுதாததற்குத் திட்டாதே. பேனாவை எடுத்தால் எழுத வரவில்லை.

சோபனா


நாட்றம்பள்ளி,
11.6.2025

அன்புள்ள சோபனாவுக்கு அக்காவின் ஆசிகள். நாங்கள் இருவரும் இருக்கிறோம். கல்யாண அலைச்சலில் நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

நேற்று ஜூன் பத்து. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ரஃபத் ஜஹான் போன் செய்தாள். "சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குதும்மா. நீங்க வந்து கையெழுத்து மட்டும் போடுங்க, நானே கொண்டுபோய்ப் போட்டுட்றேன். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள். கேன்டீனில் ஹீனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்திருந்தால் போயிருக்கலாம்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நன்றாக யோசித்தீர்களா என்று கேட்டாள். என் தங்கை பெண்ணுக்குக் கல்யாணம் என்றேன். "சரிம்மா, நல்லபடியா நடக்கட்டும்" என்று வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் மிஷினில் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை நான் தைத்த ஷூ மேல்தோல் அத்தனையும் தையல் கோணலாகி ரிஜெக்டில் போனது. இருபத்தாறு வருஷத்தில் எனக்கு அப்படி ஆனதில்லை.

உன்னை நம்பித்தான் விட்டேன். இதை உன் வீட்டுக்காரரிடம் சொல். கல்யாணம் முடிந்த மறுநாள் நானும் மாமாவும் உங்கள் வீட்டிலேயே இருப்போம்.

பிளவுஸ் தைத்து வந்துவிட்டது. கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது, நான்தான் இளைத்துவிட்டேன் போல.

அன்புடன்
அக்கா மேகலா


நாட்றம்பள்ளி,
2.7.2025

சோபனாவுக்கு அக்கா எழுதுவது.

பவித்ரா மணக்கோலத்தில் அவ்வளவு அழகாக இருந்தாள். அவள் தாலி கட்டிக்கொண்டபோது நான் மனசார அழுதேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பொய் இல்லை.

மறுநாள் பேசலாம் என்றிருந்தோம். உன் வீட்டுக்காரருக்கு அவசரமாகச் சென்னை போக வேண்டி வந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை.

கல்யாணத்தன்று காலை டிபனுக்கு உட்கார்ந்தபோது மீனாம்பாள் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நீ சொன்னது சரி, தங்கமான மனுஷி. வெயில் கம்மியாக இருக்கிறது, நல்ல நேரத்தில் வைத்தீர்கள் என்று நான் பேச்சுக்குச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "நாங்க வைகாசியிலயே கேட்டோம்மா. இதே மண்டபம் ரெண்டு முகூர்த்தத்துக்குக் காலியா இருந்துச்சி. உங்க வக்கீல்தான் ஒத்துக்கல. ஜூன் பத்துக்கு அப்பறம் எந்த முகூர்த்தம்னாலும் சரின்னாரு. ஜோசியர்கூட சிரிச்சாரு, எல்லாரும் தமிழ் மாசம் பாப்பாங்க, இவரு இங்கிலீஷ் தேதி பாக்கறாரேன்னு."

என் இலையில் கேசரி வைத்தார்கள். அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ஆமாம், அவர் அப்படித்தான் என்றேன். அப்புறம் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு, உன் பச்சைப் பட்டைச் சரிசெய்துகொண்டு, தாம்பாளத்தை ஏந்தி முன்னால் வந்தேன். போட்டோவில் பார், சிரித்துக்கொண்டுதான் இருப்பேன்.

ஜூன் பத்து என்ற தேதி என் கடிதத்திலிருந்துதான் அவருக்குக் கிடைத்தது. அது எனக்குப் புரிகிறது. வக்கீல், தேதி பார்ப்பது அவர் தொழில். உன்னிடம்தான் கேட்கிறேன். மண்டபம் கிடைக்கவில்லை என்று எனக்கு எழுதினாயே, அப்போது உனக்குத் தெரியுமா?

வீடு ஆகஸ்ட் இருபதாம் தேதி ஏலம். பேப்பரில் வந்துவிட்டது.

மேகலா


சத்துவாச்சாரி,
3.8.2025

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் நலம். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இன்றைக்கு ஆடிப்பெருக்கு. பவித்ராவை ஆடிக்கு அழைத்து வந்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போகிறார். எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் எல்லாம் செய்தேன். சின்ன வயசில் நீ பாலாற்றுக்குக் கூட்டிப்போவாயே, ஞாபகம் வந்தது.

பவித்ரா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். நான்தான் இப்போது வேண்டாம் என்றேன்.

இத்துடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். இவரே எழுதிக் கொடுத்தார், நான் கேட்கக்கூட இல்லை. உங்க அக்கா ரொம்ப நாளா கேட்டாங்களே, அனுப்பிடு என்றார். டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டு சீலும் வைத்திருக்கிறார். பணம் தன்னால் ஒன்றும் முடியாதாம், கல்யாணச் செலவு கழுத்துவரை இருக்கிறதாம்.

மாமாவுக்கு மருந்தை நிறுத்தாதே.

சோபனா


ஆம்பூர்,
24.8.2025

சோபனாவுக்கு,

நாங்கள் ஆம்பூருக்கு வந்துவிட்டோம். ஹீனா வீட்டுத் தெருவில் ஒரு அறையும் சமையலறையும். வேலைக்கு நடந்தே போகலாம், அது ஒன்றுதான் சவுகரியம். கீழே தோல் கிடங்கு, வாடை வருகிறது. மாமா அந்த வாடையிலேயே வாழ்ந்தவர், எனக்கு இது பழகினதுதான் என்கிறார். ராத்திரி முழுக்க இருமுகிறார். நாட்றம்பள்ளி வீட்டை ஏலத்தில் முன்பின் தெரியாத யாரோ எடுத்தார்கள். சாவியைக் கொடுக்கும்போது மாமா, பின்பக்கத் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம், எண்ணெய் போடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார்.

உன் வீட்டுக்காரர் எழுதிய வரி கிடைத்தது. 2021 ஆகஸ்டில் மேற்படி பத்திரங்களை வழக்கறிஞர் என்ற முறையில் பரிசீலித்து முதலீடு செய்யலாம் என்று ஆலோசனை கூறினேன் என்று சுத்தமாக எழுதியிருக்கிறார். நான் கேட்டதைவிட நன்றாகவே இருக்கிறது. ரஃபத் ஜஹானிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தாள். கீழே போட்டிருந்த தேதியைப் பார்த்தாள். "இது ஜூன்ல வந்திருந்தா இது ஒன்னே போதும்மா" என்றாள். இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டேன். "கெடு முடிஞ்சப்பறம் எழுதிக் குடுத்திருக்காரும்மா. இனிமே இது சும்மா காயிதம். அது தெரிஞ்சிதான் குடுத்திருக்காரு" என்றாள். பார் கவுன்சிலுக்கு ஒரு மனு போட்டுப் பார்க்கலாம், அதில் அவரைக் கேள்வி கேட்பார்கள், பணம் வராது என்றாள். எனக்கு அவரைக் கேள்வி கேட்டு ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

ஜூலையில் நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. பாலாற்றைப் பற்றி எழுதியதற்குக் கீழே நாலு வரி எழுதி, பேனாவால் அழுத்தி அடித்திருக்கிறாய். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. ஆனால் தெரியாதவள் நாலு வரி எழுதி அடிக்கமாட்டாள். தெரியாது என்று ஒரு வார்த்தையில் எழுதியிருப்பாள்.

நான் ஒன்று சொல்கிறேன், அதற்கும் பதில் வேண்டாம். பிப்ரவரியிலேயே நீ எனக்கு, "அக்கா, எம் புருஷன் மேல கேஸ் போடாத" என்று நேராக எழுதியிருந்தால் நான் போட்டிருக்கமாட்டேன். வீடு அப்போதும் போயிருக்கும். இதே அறைக்குத்தான் வந்திருப்போம். மாமா இப்படித்தான் இருமிக்கொண்டிருப்பார். ஆனால் தங்கச்சிக்காக விட்டுக் கொடுத்தேன் என்று நான் இருந்திருப்பேன். அதைச் சொல்லிக்கொண்டே மிச்ச நாளை ஓட்டியிருப்பேன். இப்போது ஏமாந்துபோனேன் என்றுதான் இருக்க வேண்டியிருக்கிறது. வீட்டை உன் வீட்டுக்காரர் எடுத்தார் என்றே வைத்துக்கொள்கிறேன். அந்த நிம்மதியை எடுத்தது நீ.

பவித்ராவை நன்றாகப் பார்த்துக்கொள். அவளிடம் எதுவும் சொல்லாதே.

மேகலா